தறிக்கு மேல் ஒரு கடல்

வீட்டுக்கு வருகிறவர்கள் மாடி ஏறி அந்தத் தொட்டியைப் பார்த்ததும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "கடலயே கொண்டாந்து வூட்ல வெச்சிட்டீங்களே!" நான் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போவேன். அவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும்போது என் கண் தரையில் இருக்கும். அந்தத் தரைக்குக் கீழே கூடம், கூடத்தில் தறி, தறியில் என் மனைவி. அவள் மிதிக்கிற சத்தம் மாடிக்கு நன்றாகக் கேட்கும். கேட்டுக்கொண்டிருக்கிற வரை பரவாயில்லை. நின்றுவிட்டால் உடனே படிக்கட்டில் வந்து எட்டிப் பார்ப்பேன்.

நான் இந்த வீட்டோடு மாப்பிள்ளை. மறைத்துப் பயனில்லை, ஆரணியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். சொந்த ஊர் படவேடு. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னபோது படவேட்டுக்குத்தான் போனேன். அங்கே இன்டர்நெட் மலையைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும். மாமனார் இல்லாத வீட்டில் அத்தை தனியாக இருந்தார், இரண்டு தறிகள் இருந்தன, என் மனைவிக்கும் கல்யாணத்துக்குமுன் நெய்த கை சும்மா இருக்காமல் அரித்தது. கொஞ்ச நாளைக்கு என்று பெட்டியோடு வந்தோம். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அத்தை ஒரு நாளும் முகம் கோணியதில்லை. என் தட்டில்தான் முதல் தோசை விழும். ஆனாலும் நான் உட்காருகிற நாற்காலி மாமனாருடையது, படுக்கிற கட்டில் அவருடையது, குளிக்கப் போனால் கொடியில் தொங்குகிற துண்டுகூட அந்த வீட்டுத் துண்டு. என்னுடையது என்று சொல்ல ஒரு லேப்டாப் இருந்தது, அதுவும் கம்பெனியுடையது. இந்த வீட்டில் நானே செய்த, என் பேர் சொல்கிற ஒரு பொருள் இருக்க வேண்டும் என்ற வெறி எனக்குள் எப்போது புகுந்தது என்று தெரியவில்லை. கம்பெனி மீட்டிங் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், யாரோ ஒருவர் தன் வீட்டில் பவளத் தொட்டி அமைக்கிற வீடியோவைப் பார்த்தேன். பாறை, பாறைமேல் விரல் விரலாக ஆடுகிற உயிருள்ள பவளம், நடுவில் ஆரஞ்சு மீன். கடலை நான் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் கால் நனைத்ததோடு சரி. ஆனாலும் அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

தங்க மீன் தொட்டி என்றால் ஒரு பம்பு, ஒரு விளக்கோடு முடிந்துவிடும். பவளத்துக்கு அப்படியில்லை, ஒரு சின்ன ஃபேக்டரியே வேண்டும். மேலே ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் மூலையில் சீப்புப் பல்போல வெட்டிய ஒரு தடுப்பு. அதைத் தாண்டி வழிகிற தண்ணீர் குழாய் வழியாக இரும்பு ஸ்டாண்டுக்குள் இருக்கிற இன்னொரு தொட்டிக்கு இறங்க வேண்டும். அங்கே ஸ்கிம்மர் என்கிற கருவி நுரையைக் கிளப்பி அழுக்கை எடுக்கும். பிறகு ஒரு மோட்டார் அதே தண்ணீரை இன்னொரு குழாயில் மேலே தள்ளும். இது பகல் இரவு நிற்காமல் ஓட வேண்டும். ஆரணி வெயிலுக்குத் தண்ணீர் வெந்துவிடாமல் இருக்க ஒரு சில்லர் வேறு.

தொட்டியை வேலூரில் ஒட்டிக்கொடுத்தார்கள். ஸ்டாண்டை இங்கேயே கடைகளுக்கு ஷட்டர் செய்கிறவரிடம் வெல்டிங் செய்தேன். குழாய், எல்போ, வால்வு எல்லாம் பஜார் ஹார்டுவேர் கடையில். கடைக்காரர், "எந்தப் பக்கம் லைன் இழுக்கறீங்க? பாத்ரூமா, கிச்சனா?" என்று கேட்டார். மீன் தொட்டிக்கு என்றேன். "மீனுக்கு டாய்லெட்டு கட்றீங்களா?" என்று கடையில் இருந்த எல்லாரையும் சிரிக்க வைத்தார். நான் கோபித்துக்கொண்டு பசை டின்னை மறந்து வந்துவிட்டேன். திரும்பப் போய் வாங்க வேண்டியிருந்தது, அது இன்னும் கேவலம்.

அத்தைக்குப் புரியாதது உப்புச் சமாசாரம்தான். எங்கள் போர் தண்ணீர் உப்பு. பவளத்துக்கு அந்த உப்பு ஆகாது. அதனால் ஒரு மெஷினில் விட்டு உப்பை எல்லாம் எடுத்துவிட்டு, பிறகு டிரம்மில் கடல் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வாசற்படியில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"இருக்கிற உப்ப எடுக்க ஒரு மெஷினு. எடுத்துட்டு உப்பு போட ஒரு மூட்டை. ஏன் மாப்ள, நேரா குடுத்தா குடிக்காதா உங்க மீனு?"

என் மனைவி கீழே தறிக்குழியிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது ஒரே ஒரு குறை. தண்ணீர் மேலிருந்து கீழ்த்தொட்டிக்கு விழுகிற சத்தம், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுப் போனதுபோல் சளசளவென்று இருந்தது. வீட்டோடு மாப்பிள்ளைக்குச் சத்தம் ஆகாது. சத்தம் என்றால் யாராவது ஏதாவது சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் நினைப்பார்கள். கீழ்த்தொட்டியில் தண்ணீர் உயரம் ஏறினால் விழுகிற தூரம் குறையும், சத்தமும் அடங்கும் என்று கண்டுபிடித்தேன். விளிம்புக்கு நாலு விரல்கூட மிச்சம் வைக்காமல் நிரப்பினேன். சத்தம் போய்விட்டது. மோட்டாரின் உய்ங் மட்டும் மிச்சம், அதைத் தறிச்சத்தம் விழுங்கிவிடும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மீன் சாமான் அனுப்புகிற சென்னைக் கடைக்காரர் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மோட்டார் நின்றால், மேலே தண்ணீர் கொண்டுபோன அதே குழாய் வழியாகத் தண்ணீர் திரும்ப இறங்கும், பைக் டேங்கில் டியூப் விட்டு பெட்ரோல் இழுக்கிற மாதிரி. அதனால் குழாயின் வாய்க்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சின்னதாக ஒரு ஓட்டை போடுங்கள். மட்டம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து நின்றுவிடும். கீழ்த்தொட்டியில் இடம் விடுங்கள். ஓட ஆரம்பித்ததும் ஒருதரம் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது.

தொட்டியை முதன்முதலில் ஓட விட்டது ஒரு அமாவாசை அன்று. அமாவாசைக்கு எங்கள் பக்கம் தறி மிதிக்க மாட்டார்கள். தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பழைய வேட்டியால் மூடிவிடுவார்கள். புதுசாக ஒன்று தொடங்கவும் நல்ல நாள். தெருவில் எல்லார் வீட்டிலும் அன்று லீவு என்பதால் மாடியில் நிற்க இடமில்லாத கூட்டம். சுவிட்சைப் போட்டேன். குழாயில் குபுக்கென்று காற்று வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. யாரோ கை தட்டினார்கள். அத்தை தொட்டிக்கும் கற்பூரம் காட்டினார். கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்து சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"ஐய, இன்னா மாப்ள! நல்ல நாளும் அதுவுமா ஓட ஆரம்பிச்சத ஒடனே நிறுத்துவாங்களா?" என்றார் அத்தை.

தறி வீட்டில் இது ஒரு நம்பிக்கை. புதுப் பாவு ஏற்றிய அன்று, அதாவது புதிதாக நீள இழைகளைத் தறியில் கட்டிய அன்று, ஒரு சாணாவது நெய்யாமல் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கும் அத்தனை பேர் முன்னால் என் கடலை நிறுத்திக் காட்ட மனமில்லை. அதோடு இன்வெர்ட்டர் இருக்கிறதே, கரண்ட் போனாலும் மோட்டார் நிற்காதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையை இழுத்துக்கொண்டேன். ஓட்டையும் போடவில்லை. அந்த நாளை வரவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவளத் தொட்டிக்குக் கனமான கரண்ட் லைன் தேவைப்பட்டது. படிக்கட்டுத் திருப்பத்தில் போர் மோட்டாருக்கு ஒரு போர்டு இருந்தது. அதிலேயே இன்னொரு சுவிட்சைப் பொருத்தி அங்கிருந்து லைன் இழுத்துக்கொண்டேன். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி. எழுதி ஒட்டலாம் என்று நினைத்தேன், ஒட்டவில்லை.

இரண்டு மீன்கள் வந்தன. பவளம் ஒவ்வொன்றாக வந்தது. கீழே என் மனைவி ஒரு கல்யாணப் புடவை நெய்துகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், வீட்டில் வைத்து நெய்து கொடுக்க வேண்டும். கல்யாணப் புடவைக்கான பாவை முதலாளி எல்லாருக்கும் கொடுக்க மாட்டார். கை சுத்தமாக இருக்க வேண்டும், வாய்தா தவறக் கூடாது, வீட்டில் சண்டை சச்சரவு இருக்கக் கூடாது, இன்னும் என்னென்னமோ பார்ப்பார். என் மனைவிக்கு அவள் அப்பா காலத்திலிருந்து அந்தப் பாவு வந்துகொண்டிருந்தது. அதில் அவளுக்கு இருந்த பெருமையை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஆனால் தெருவில் யாராவது "இப்ப இன்னா போட்டுகினு கீற?" என்று கேட்டால் "முகூர்த்தம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். இந்தத் தடவை மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. முக்கால்வாசி முடிந்திருந்தது.

அப்போது ஒரு அமாவாசை வந்தது. படவேட்டில் அம்மன் கோயிலில் என் அண்ணன் வீட்டார் பொங்கல் வைத்தார்கள். எல்லாரும் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோ வந்து நின்றுவிட்டது, நானும் மனைவியும் ஏறிவிட்டோம், அத்தை கடைசியாகக் கதவைப் பூட்டி வந்தார். மற்ற நாளென்றால் தறிச்சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. அன்றைக்குத் தறி இல்லை. வீடு அமைதியாக இருந்ததில் மாடியிலிருந்து உய்ங் என்ற சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. எங்கள் வீடுகளில் மோட்டாரை நிறுத்த மறப்பது பெரிய குற்றம். மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர் ஓடும், தெருவே வந்து கதவைத் தட்டும். அத்தை படிக்கட்டு ஏறி, எது ஓடிக்கொண்டிருந்ததோ அந்தச் சுவிட்சை நிறுத்திவிட்டு வந்தார்.

தண்ணீர் வழியக் கூடாது என்று அவர் நிறுத்தினார். நிறுத்தியதால்தான் வழிந்தது.

படவேட்டுக்குப் பஸ் குறைவு. போவதே பாடு, திரும்புவது அதைவிடப் பாடு. நாங்கள் ஆரணிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கதவைத் திறந்ததும் கூடத்தில் கால் நனைந்தது. மாடியில் கீழ்த்தொட்டி நிரம்பி, தரையில் பரவி, கூடத்துக் கூரையில் இருந்த பழைய ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டியிருந்தது. அந்தக் கொக்கிக்கு நேர் கீழேதான் தறி. மூடியிருந்த வேட்டி சொட்டச் சொட்ட நனைந்து துணியோடு ஒட்டிக் கிடந்தது. பகல் முழுக்க அப்படியே ஊறியிருக்கிறது.

என் மனைவி, கையில் இருந்த பிரசாதப் பையை அப்படியே போட்டுவிட்டுத் தறிக்கு ஓடினாள். நான் மாடிக்கு ஓடினேன்.

இதை எழுதும்போது காது சுடுகிறது. நான் ஓடியது மீன் செத்துவிட்டதா என்று பார்க்க. தறியைத் தாண்டித்தான் படிக்கட்டு. அந்த வேட்டியையும், அதை விலக்குகிற அவள் கையையும் தாண்டித்தான் ஓடினேன். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் தொட்டியில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது, இரண்டும் மூலையில் பத்திரமாக மிதந்துகொண்டிருந்தன. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு படிக்கட்டுத் திருப்பத்தில் வந்து நின்று சுவிட்சைப் பார்த்தேன். ஆத்திரம் தலைக்கேறியது.

"எவன் இத நிறுத்தினது?"

அத்தை கீழே இருந்து நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ரத்தமில்லை. "நான்தான் மாப்ள. மோட்டாருன்னு நெனச்சிகினு… பஸ்ல சொன்னேனே."

சொல்லியிருந்தார். போகிற பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்து திரும்பி, "மோட்டார நிறுத்தாமயே கெளம்பிட்டீங்க, நான்தான் நிறுத்திட்டு வந்தேன்" என்றார். நான் போனில் அடுத்து வாங்கப்போகும் பவளத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே, "சரி அத்த" என்று சொல்லியிருந்தேன். அது ஞாபகம் வந்ததும் படிக்கட்டிலிருந்து இறங்கிக் கீழே வந்தேன். மன்னிப்புக்கூடக் கேட்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தேன். அத்தை என் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கி, "நீங்க போங்க மாப்ள, நான் தள்றேன்" என்றார். அந்த நேரத்திலும் எனக்கு மாப்பிள்ளை மரியாதை.

கரையின் அரக்குச் சாயம் மஞ்சளில் இறங்கியிருந்தது. உள்ளங்கை அகலம்தான், ஆனால் உடலில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில். ஜரிகை அங்கங்கே கறுத்துவிட்டது. சுத்தத் தண்ணீராக இருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. நான் மூட்டை பிரித்துக் கொட்டிய உப்பு.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போதே ஒத்திகை பார்த்தேன். முதலாளி வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"வாங்க மாப்ள. இப்பத்தான் உங்க வூட்டுக்காரம்மா வந்துட்டுப் போச்சி. தறிகிட்ட சொம்புத் தண்ணிய வெக்கலாமா? இத்தினி வருஷம் வெக்காத பொண்ணு. கால் தட்டி கொட்டிடுச்சாமே."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பட்டுத் தறியில் உட்காருகிறவர்கள் பக்கத்தில் தண்ணீர் வைக்கவே மாட்டார்கள். தாகம் எடுத்தால் எழுந்து போய்க் குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். தன்மேல் சொல்லிக்கொள்ள இதைவிடக் கேவலமான பொய் அவளுக்குக் கிடைத்திருக்காது. நான் எழுந்து வருவதற்குள் போய் அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

நான் இப்போது வாயைத் திறந்தால் அவள் பொய்க்காரி ஆவாள். அதனால் திறக்கவில்லை என்று அப்புறம் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மை என்னவென்றால், அந்த நிமிஷத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. "ஆமாங்க, கவனமா இருக்கச் சொல்றேன்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"வேற இன்னா சொல்றது? எங்கம்மா நிறுத்திடுச்சின்னு சொல்லவா? இல்ல, எங்க வூட்டுக்காரரு தறி மேல சமுத்திரம் கட்டி வெச்சிகினு கீறாருன்னு சொல்லவா? கேக்கறவன் சிரிக்க மாட்டான்? வுடுங்க."

தொட்டியை எடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் அவள் கோபப்பட்டாள். "இப்ப எடுத்தீங்கன்னா தெருவே ஏன்னு கேக்கும். கம்முனு இருங்க." இப்படியாக, எனக்காக அவள் சொன்ன பொய்க்குக் காவலாக அந்தத் தொட்டி மாடியிலேயே நின்றது.

ஓட்டையை அன்றைக்கே போட்டேன். கீழ்த்தொட்டியில் பாதிக்குமேல் இடம் விட்டேன். தண்ணீர் சளசளவென்று விழுந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுவிட்சின்மேல் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டினேன். அது இருக்கிற பக்கம்கூட அத்தை திரும்புவதில்லை. போர் மோட்டாரைப் போடவும் என்னைத்தான் கூப்பிட ஆரம்பித்தார்.

அந்தப் புடவை குறையுள்ள சரக்கு என்று செகண்ட்ஸில் போனது. அடுத்து வந்தது சாதா பாவு. அதற்கு அடுத்ததும் சாதா. முகூர்த்தப் பாவு முள்ளிப்பட்டில் ஒரு வீட்டுக்குப் போகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என் மனைவி சாதாவை நெய்தாள். யாராவது "இன்னா போட்டுகினு கீற?" என்று கேட்டால் "சும்மாதான்" என்பாள். மாடியில் பவளம் வளர்ந்தது. நல்ல பச்சை, நல்ல ஊதா. பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள். ஒவ்வொருவரும் புகழும்போது எனக்கு யாரோ சட்டையை உருவுவதுபோல் இருக்கும்.

ஒருநாள் முதலாளியே வந்தார். சொல்லாமல் வந்து தறியைப் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். துணிமேல் விரலை ஓட்டினார், தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "மேல மீனு வளக்கறீங்களாமே, பாக்கலாமா மாப்ள?" என்றார்.

மாடியில் என் நாற்காலியைக் கொடுத்தேன். நெடுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே என் மனைவி மறுபடி மிதிக்க ஆரம்பித்திருந்தாள்.

"இது உப்புத் தண்ணியா?"

"ஆமாங்க."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை உடைத்தது. தறிச்சத்தத்தின் மறைவில், கீழே கேட்காத குரலில், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஓட்டை, சுவிட்ச், அமாவாசை, மீனைப் பார்க்க ஓடியது உட்பட. அவர் முகம் மாறவே இல்லை.

"எனக்குத் தெரியும் மாப்ள. பொடவை கைக்கு வந்தப்பவே ஜரிகைய நாக்குல வெச்சிப் பாத்தேன். சொம்புத் தண்ணி கரிக்குமா?"

"அப்பறம் ஏன் மொதலாளி முகூர்த்தப் பாவ நிறுத்தினீங்க? தப்பு அவ மேல இல்லன்னு தெரிஞ்சுமா?"

"கறைக்கு நிறுத்தல. கறை யார் வூட்லயும் வரும். உங்க வூட்டுக்காரம்மாவோட அப்பா ஒரு எழ அறுந்தாக்கூட ஜல்தியா ஓடியாந்து சொல்லிடுவார். இதுவும் அப்பிடித்தான் இருந்துச்சி. அன்னிக்கி என் மூஞ்சப் பாத்துகினே பொய் சொல்லிச்சி. ஒரு பொண்ணு மணவறையில கட்டிகினு உக்காரப் போற பொடவைங்க. மறைக்கிறவங்ககிட்ட குடுக்க எனக்கு பயம்."

அவள் இழந்தது என் உப்பால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உப்பால் இல்லை. என்னைக் காப்பாற்றியதால்.

அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "சரி, சொல்லிட்டீங்க. தை மாசத்துக்கு ஒண்ணு இருக்குது, அனுப்பறேன். எதுக்கு நின்னுச்சி, எதுக்கு வருதுன்னு நீங்களே அதுகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா தாங்காது."

அவர் போனதும் தறி நின்றது. "இவ்ளோ நேரம் இன்னா பேசிகினு இருந்தார்?" என்று அவள் குழியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"மீனப் பத்திதான்" என்றேன்.

பாவு வந்தது. பச்சை உடல், சிவப்புக் கரை. அவள் அதைப் பிரித்துப் பார்த்தபோது கண் கலங்கியதை மறைக்கக்கூட இல்லை. தெருவுக்கே கேட்கிறமாதிரி அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? சாதாவா இருந்தாலும் ஒரு கொற இல்லாம நெய்ஞ்சேன். அதப் பாத்துட்டுத்தான் குடுத்திருக்கார். ஒரு தபா கொட்டிச்சின்னா கொட்டிச்சிதான். கை பொய் சொல்லாதுங்க."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆமா" என்றேன்.

இப்போது தினமும் காலையில், அவள் தறியில் உட்காருவதற்குமுன், நான் படிக்கட்டுத் திருப்பத்தில் போய் அந்தச் சுவிட்சை நிறுத்திப் பார்க்கிறேன். மேலே தண்ணீர் கொஞ்சம் இறங்கும், ஓட்டையில் காற்று புகுந்து சர்ரென்று ஒரு சத்தம் வரும், பிறகு அமைதியாகிவிடும். தறிமேல் இருந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கீழேயிருந்து கேட்பாள்.

"நின்னுச்சா?"

"நின்னுடுச்சி" என்பேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவளிடம் பொய் சொல்வதில்லை.